நாலு பூதம்

மோட்டாரைப் போட்டாயிற்று. இனி மொட்டைமாடித் தொட்டி நிரம்பிப் பின்பக்கக் குழாயில் கொட்டுகிற சத்தம் கேட்கும்வரை உமையாள் ஓரிடத்தில் உட்காரலாம், அதுதான் இந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்கிற ஓய்வு, அதுவும் கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டுதான். இன்றைய வேலை கணவருடைய துணிகளில் பேர் எழுதுவது. கூடத்துத் தரையில் வேட்டிகளையும் பனியன்களையும் துண்டுகளையும் பரப்பிவைத்து, எத்தனை துவைத்தாலும் போகாது என்று கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்த கறுப்பு மார்க்கரைத் திறந்து, முதல் பனியனின் கழுத்துக்கு உள்பக்கம் தண்ணீர்மலை என்று எழுதினாள். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், யார் வீட்டுத் துணியிலோ யாரோ எழுதுகிறார்கள், நமக்கென்ன என்கிற முகத்தோடு. நாளைக் காலையில் அவரைப் பூந்தமல்லிக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட வேண்டும். ஞாபகம் கைவிட்டுப்போன பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். எல்லார் துணியும் ஒன்றாய்த் துவைக்கிறோம், மாறிப்போகாமல் இருக்கப் பேர் எழுதிக் கொடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து மகள் வள்ளி மதியம் ரயிலில் வந்துவிடுவாள். அவள் வந்தால் பெட்டி, மருந்து, கார், எல்லாம் அவள் கைக்குப் போய்விடும், வீட்டில் பேச்சுச் சத்தம் நிரம்பிவிடும், பிறகு தனியாக அவரோடு இருக்க முடியாது. அதற்குள் உமையாள் ஒன்று செய்தாக வேண்டும். கையால் எழுதுகிற இந்தப் பேரை வாயால் ஒருதரம் சொல்லி அவரைக் கூப்பிட வேண்டும், அவர் அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை அவள் அதைச் சொன்னதில்லை. அடுத்த பனியனை எடுத்தாள். கைக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அது பாட்டுக்கு எழுதியது, கைக்கு மாமியார் கிடையாது அல்லவா.

மாமியார்தான் ஆரம்பித்துவைத்தது. பினாங்கில் பிழைத்த பாட்டனார் அங்கே மலைமேல் இருக்கிற முருகன் பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து பேரனுக்கு வைத்துவிட்டார், அது அந்தப் பேரனைக் கட்டிக்கொண்டவள் தலையில் விடிந்தது. வந்த புதிதில் ஒருநாள் சமையல்கட்டில் நின்று, "தண்ணி கொதிச்சிருச்சு அத்தை" என்று சொல்லிவிட்டாள். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடி ஆத்தி, என்ன சொல்லு சொல்லிப்புட்ட. புருசன் பேரு வாயில வந்தா அவன் ஆயுசுல குறையும்டி. பேரு மட்டுமில்ல, பேருக்குள்ள இருக்க சொல்லும் வரப்படாது. மலைய வேணாச் சொல்லிக்க, அது நம்ம வீட்டுக்குள்ளயா வரப்போகுது." அன்றைக்கு விட்டதுதான். குழாயில் வந்திருச்சு என்பாள், என்ன வந்தது என்று சொல்ல மாட்டாள். குடிக்க எடுத்துட்டு வா என்பாள். வெந்நீர் என்று சொல்லலாம், மோர், ரசம், கஞ்சி எல்லாம் சொல்லலாம், அந்த ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு போகவேண்டும், பாதையில் படுத்திருக்கிற நாயைச் சுற்றிப் போவதுபோல. மெட்ராசுக்குக் குடிவந்த முதல் கோடையில் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அதன் பேரைச் சொல்லி அலறியபோது, இவள் மட்டும் வாயைத் திறக்காமல் லாரிக்குப் பின்னால் ஓடினாள். ஒருதரம் ஜலம் என்று சொல்லிப் பார்த்தாள், எதிர்வீட்டு மாமி, நீங்க எப்போ எங்களவா ஆனேள் என்று கேட்டுச் சிரித்தார், அதையும் விட்டுவிட்டாள். மாமியார் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. வள்ளிகூட, "அம்மா, இந்தக் காலத்துல போய்" என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நாக்கு பழகிய பழக்கம், அதற்கு யார் செத்தது யார் இருப்பது என்று தெரியாது. மனசுக்குள் நினைக்கும்போதுகூட அந்த இடத்தில் ஒரு சின்னத் தடுக்கல். நமக்கென்ன, நாம் சொல்லிவிடலாம், அவளுக்கு முடியவில்லை.

முடியாததுதான் வகுப்பில் வைத்து வெளியே வந்தது. வீட்டில் ஞாபகம் போனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்று நடத்துகிற வகுப்பு, ஒரு கிளினிக்குக்கு மேலே மின்விசிறி கிறீச்சிடுகிற அறையில். வள்ளிதான் பிடித்துத் தள்ளி அனுப்பினாள். நடத்துகிற பெண் நிவேதா, வள்ளியைவிடச் சின்னவள், காட்டன் புடவை கட்டிக்கொண்டு தரையில் எல்லாரோடும் சம்மணம் போட்டு உட்காருவாள். "அவங்களை நீங்க பாத்துக்கறீங்க, உங்களை யாரு பாத்துக்கறா?" என்று கேட்டாள். "சரி, நம்ம உடம்பு அஞ்சு பூதத்தாலே ஆனதுதானே. ஒவ்வொண்ணையும் வச்சு ஒரு குறிக்கோள் சொல்லுங்க. பெருசா வேணாம். உங்களுக்கே உங்களுக்குன்னு ஒண்ணு." படுத்த படுக்கையாகிவிட்ட தாயைப் பார்த்துக்கொள்கிற ரயில்வேக்காரர் ஒருவர், "நெருப்புன்னா எனக்குக் காபிதான் மேடம். ஆறிப்போறதுக்கு முன்னாடி ஒருநாளாவது குடிக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடிக்கும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உமையாள் முறை வந்தது. மண்ணுக்கு, தொட்டியில் கொஞ்சம் கீரை போடணும். நெருப்புக்கு, அவுகமேல எரிஞ்சு விழாம இருக்கணும். காத்துக்கு, பால்கனியில நின்னு நிதானமா மூச்சு விடணும். ஆகாசத்துக்கு. ஆகாசத்துக்கு என்ன சொன்னாள் என்பதை இப்போது நினைக்கவே பயமாயிருக்கிறது. "நாலாச்சுங்கம்மா, இன்னொண்ணு?" என்றாள் நிவேதா. அவ்வளவுதான் என்றாள் உமையாள். "ஒண்ணை விட்டுட்டீங்களே. யோசிங்க, தினம் குடிக்கிறோமே, குளிக்கிறோமே." அறையில் இருந்தவர்கள் முகம் மாறிவிட்டது. அந்த வகுப்பில் ஒருத்தி ஒரு சொல்லை மறந்தால் அது விளையாட்டு இல்லை. பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல, "தண்ணி, தண்ணி" என்றாள். உமையாளுக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. எழுந்துபோய் நிவேதாவின் காதில், "மறக்கலம்மா. அது அவுக பேரு" என்றாள். நிவேதா சிரிக்கவில்லை. "அப்ப அதுதாம்மா உங்க குறிக்கோள். ஒருதடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்க. எல்லாம் போனாலும் பேர் கடைசிவரைக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுவும் போறதுக்குள்ள."

கீரை முளைத்தது. முளைக்கீரைதான், சிவப்புத் தண்டு. இரண்டு இலை விட்டதும் ஒரு காலை அவர் பால்கனியில் குந்தி உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பிடுங்கி ஓரமாய் அடுக்கி வைத்திருந்தார், களை என்று நினைத்து, அவ்வளவு ஒழுங்காக. பாரிமுனை இரும்புக் கடையில் கம்பிகளை அடுக்கின கை. மண் அன்றோடு முடிந்தது, நெருப்பும் அன்றோடு முடிந்தது, ஏனென்றால் உமையாள் எரிந்து விழுந்தாள், என்னென்னவோ சொன்னாள், அவர் மண் ஒட்டிய விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நெருப்பு என்றால் அது மட்டுமா. ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது கேஸ் திருகு திறந்திருந்தது, தீ இல்லை, வீடெல்லாம் நாற்றம். அன்றிலிருந்து சிலிண்டரை அடியிலேயே மூடிவிடுகிறாள். மூடினோமா? காலையில் இட்லி வேகவைத்த பிறகு மூடினாள். மூடினாளா? எழுந்துபோய்ப் பார்க்கலாம், முழங்கால் வேண்டாம் என்றது, நாற்றம் ஒன்றும் வரவில்லையே என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு மூக்கால் இழுத்துப் பார்த்தாள், மார்க்கர் வாடைதான் வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு என்று எடுத்தால் அவள் எங்கே நிதானமாய் விட்டாள், ராத்திரியெல்லாம் அவர் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். ஆகாசம். சரி, சொல்லித்தான் ஆகவேண்டும். ஆகாசத்துக்கு அவள் கேட்டது, "ஒரு அரைமணி வீடு காலியா இருக்கணும், யாருமே இல்லாம." அலுப்பில் கேட்டது. அதுவும் தலைகுளிக்க, கொஞ்சம் கண்ணயர, வேறெதற்கும் இல்லை. இப்போது கிடைக்கப்போகிறது. நாளைக்கு வள்ளி அவரை விட்டுவிட்டு, இவளையும் வீட்டில் விட்டுவிட்டு, வேலை இருக்கிறதென்று ரயிலேறுவாள், அதன்பிறகு அரைமணி என்ன, கேட்டதற்கு மேலேயே, அள்ளி அள்ளி. கேட்காமல் இருந்திருக்கலாம். நாலில் மூன்று பலிக்கவில்லை, இது மட்டும் ஏன் பலிக்க வேண்டும்? ஒரு வேட்டியை விரித்து ஓரத்தைத் தேடி எழுதினாள். மை கொஞ்சம் ஊறி, ணீ தடித்துப்போனது.

வேண்டாமே, வைத்துக்கொள்ளலாமே என்று வள்ளியிடம் சொல்லிப் பார்த்தவள்தான். கடைத்தெருவில் நடந்ததற்குப் பிறகு அதைச் சொல்லவும் வாயில்லாமல் போயிற்று. போன வாரம், கதவு சும்மா சாத்தியிருந்தது, அவர் இறங்கிப் போய்விட்டார். உமையாள் செருப்பில்லாமல் ஓடினாள். காய்கறிக் கடைகளுக்கு நடுவே வெள்ளை வேட்டி தெரிந்தது, மெயின்ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, பஸ்ஸும் ஆட்டோவும் பறக்கிற ரோடு. "என்னங்க!" என்று கத்தினாள். கடைத்தெருவில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார், ஸ்கூட்டரில் போனவர் பிரேக் போட்டார், ஊரில் இருக்கிற புருஷனெல்லாம் திரும்பினான், அவளுடையவரைத் தவிர. பூக்காரி எழுந்து நின்றாள். "இன்னாம்மா, யாரு அந்தப் பெரியவரா? பேரு இன்னா சொல்லு, நான் கூவுறேன்." சொல்லு. உயிர் போகிற நேரம், சொல்லு. உமையாள் பக்கத்துக் கடை வாசலில் அடுக்கியிருந்த கேன்களைக் கையால் காட்டினாள். "கேனா?" "உள்ள இருக்கறது." "தண்ணியா? அப்பால?" "மலை." "தண்ணிமலையா? இன்னாம்மா, வெளாடுறியா?" என்று கேட்டுக்கொண்டே அவள் தொண்டையைத் திறந்தாள். "ஓ தண்ணிமலை சார்! தண்ணிமலை சாரே!" வேட்டி நின்றது. திரும்பியது. அவர் நடந்து வந்தார், பூக்காரியிடம் நேராக வந்து, "கூப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அன்னியப் பெண்களிடம் அவர் என்றைக்கும் அப்படித்தான், ஒரு ங்க குறையாது. பிழைத்தாரே என்ற சந்தோஷத்துக்கு அடியில் உமையாளுக்கு ஓர் எரிச்சல், என் வாயிலிருந்து வரவேண்டியதை இந்தப் பூக்காரி ஏலம் போடுவதுபோல் போட்டுவிட்டாளே என்று. பிறகுதான் அவர் இவளைப் பார்த்தார். "இந்தா, போலாமா?" என்றார்.

இந்தா. அவர் அவளைக் கூப்பிட்டதெல்லாம் அப்படித்தான். உமையாள் என்று ஒரு பேர் அவளுக்கு இருப்பதை அவர் கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருப்பார், அதோடு சரி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தா என்பார், அவள் வருவாள். சில நாள் இந்தா என்று பூப் பொட்டலத்தை நீட்டுவார், வாங்கிக்கொள்வாள். கூப்பிடுகிறாரா கொடுக்கிறாரா என்பது வந்து பார்த்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் அழுகை வந்ததுண்டு, பேர் சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று. அப்புறம் பழகி, அப்புறம் பிடித்துப்போய், கடைசியில் வேறு யாராவது தெருவில் இந்தா என்று யாரையோ கூப்பிட்டால் சுருக்கென்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது அவள் பேராகவே ஆகிவிட்டது. ஒருதரம் மெரினாவில், வள்ளி வயிற்றில், அலை காலடி மணலைப் பறித்துக்கொண்டு போனபோது, இந்தா பிடிச்சுக்க என்று கையை நீட்டினார். அந்தக் கை. பெரிய அன்பெல்லாம் இல்லை, சண்டையும் இல்லை, ஒரு டம்ளர் எடுத்துத் தானாகக் குடித்ததில்லை மனுஷர், சோற்றில் உப்பில்லை என்றால் தட்டைத் தள்ளிவைப்பார், ஆனாலும் கை நீட்டினார். டாக்டர் ஒருநாள், "இவங்க யாரு? பேர் சொல்லுங்க" என்று இவளைக் காட்டி அவரைக் கேட்டார். அவர் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் எழுதிக்கொண்டார். அது எப்படி, மறந்துவிட்டாரா, இல்லை என்றைக்கும் சொன்னதில்லையா, அதை எந்த ஊசி போட்டுக் கண்டுபிடிப்பார்கள்? இவளைக் கேட்டிருந்தால் இவளும்தான் அவர் பேரைச் சொல்லியிருக்க மாட்டாள். இருவருக்கும் ஒரே சீக்கு என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். கடைத்தெருவில் கேட்டதுதான் கடைசி இந்தா. இந்த வாரம் முழுக்க ஒன்றும் இல்லை. ஊட்டினால் சாப்பிடுகிறார், படுக்கச் சொன்னால் படுக்கிறார்.

போன் அடித்தது. வள்ளி. "அம்மா, காட்பாடி தாண்டியாச்சு. துணியெல்லாம் எடுத்து வச்சியா? அழாத, என்ன? அங்க நல்லா பாத்துப்பாங்கம்மா." அழவில்லை என்று சொல்லி வைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். காட்பாடி தாண்டிவிட்டது. மேலே குழாயில் காற்றுக் குமிழி ஓடுகிற சத்தம் கேட்டது, தொட்டி கழுத்துக்கு வந்துவிட்டால் அப்படிக் கேட்கும். கடைசித் துண்டிலும் எழுதி மார்க்கரை மூடினாள். இனி எழுத ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டும். காலையிலிருந்து வாயில் ஒன்றும் படவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயுசு குறையுமாம். குறையட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது, அதைக் கேட்டு அவளே பயந்துபோய், முருகா அப்படி நினைக்கலை என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் குறைய இன்னும் என்ன இருக்கிறது, ஆயுசு இருக்கிறது, மனுஷர்தான் இல்லை. நாளைக்கு அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் காலையும் மாலையும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், தண்ணீர்மலை சாப்பிட வாங்க, தண்ணீர்மலை கையக் காட்டுங்க. ஊரெல்லாம் சொல்லப்போகிறது. கட்டிக்கொண்டவள் ஒருத்தி சொல்லவில்லை. சொன்னால் திரும்புவார், பூக்காரிக்குத் திரும்பினாரே. திரும்பி, இவள் முகத்தைப் பார்த்து, ஒரே ஒருதரம் பழையபடி அந்த மூன்றெழுத்தைச் சொல்லிவிட்டால் போதும், அதை வைத்துக்கொண்டு காலி வீட்டில் மிச்ச நாளை ஓட்டிவிடுவாள்.

தரையில் உட்கார்ந்தபடியே நாற்காலிக்கு அருகில் நகர்ந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், விரல் பிரம்பை நெருடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள். மூடினாள். சமையல்கட்டில் மாமியார் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டதுபோல இருந்தது. "தண்ணீர்" என்றாள். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அது வெளியே வந்து கூடத்தில் விழுந்தது, அவள் குரல்போலவே இல்லை, காய்ந்துபோய், கரகரத்து. மலை வரவில்லை. மலையைச் சொல்லத் தடையே இல்லாமல் இருந்தும், அது காற்றாகத்தான் போயிற்று. மறுபடியும், "தண்ணீர்" என்றாள். அவர் திரும்பினார். ஐயோ, திரும்பிவிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், நெற்றி சுருங்கியது, எதுவோ அவருக்குள் ஓடி எதையோ தொட்டது கண்ணில் தெரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரும் சொல்லாமல் அவராக எழுந்து எத்தனை நாளாகிறது. வந்தார், அவள் அருகில் வந்தார், துணிகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு அவளைத் தாண்டிச் சமையல்கட்டுக்குள் போனார். கேஸ். மூடினோமா. எழுந்திருக்க முழங்கால் விடவில்லை. உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது, குழாய் திறந்தது, மூடியது.

திரும்பி வந்தவர் கையில் எவர்சில்வர் டம்ளர் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்திவிடக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு, அடிமேல் அடிவைத்து வந்தார். அப்படியும் சிந்தியது, அவர் பேர் எழுதியிருந்த துண்டின்மேல் சிந்தியது, கடைக்காரன் சொன்னது சரிதான், மை கலையவில்லை. அவள் முன்னால் வந்து கொஞ்சம் குனிந்து டம்ளரை நீட்டினார்.

"இந்தாங்க" என்றார். "குடிங்கம்மா. வெயில்ல ரொம்பத் தூரம் வந்திருக்கீங்கபோல."

உமையாள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். கூப்பிடுகிறாரா, கொடுக்கிறாரா. வாங்கிக் குடித்தாள். குடிக்கக் குடிக்கக் கண்ணிலிருந்தும் இறங்கி அதிலேயே விழுந்தது, நிறுத்த முடியவில்லை. பின்பக்கம் தொட்டி நிரம்பிக் கொட்டத் தொடங்கிவிட்டது, மோட்டாரை நிறுத்த வேண்டும். அவர் விருந்தாளிக்கு முன்னால் நிற்கிற மரியாதையோடு காலி டம்ளருக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் வேணுங்களா?"

"வேணும்" என்றாள். டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "தண்ணி" என்றாள், இந்தத் தடவை நாக்கில் எதுவும் தடுக்கவில்லை. அவர் சமையல்கட்டுக்குப் போனார். மோட்டார் பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, அவர் திரும்பி வந்து இன்னொரு இந்தாங்க சொல்வதற்காக உமையாள் காத்திருந்தாள்.